புயலுக்குப் பிறகு பனியடுக்கு: சோதனையில் விரிசல் பரவவில்லை என்றால் ஏறிவிடலாமா?

முகடுவழி எழுதியது:

வணக்கம். ஸ்கீ டூரிங் (ஸ்கீயிலேயே மலையேறி இறங்குவது) போகும் ஐந்து பேர் குழு. புயல் நின்று ஒரு நாள் ஆகிறது. நிலவரம் இது:

முன்பு இருந்த பனி சுமார் 80 செ.மீ. அதன்பின் இரண்டு வாரம் பனிப்பொழிவே இல்லை. தெளிந்த வானம், நல்ல குளிர்.
புயலில் 36 மணி நேரத்தில் 45 செ.மீ. விழுந்தது. தொடங்கும்போது வெப்பநிலை −12, முடியும்போது −4. காற்று தென்மேற்கிலிருந்து, முகட்டில் மணிக்கு 40–50 கி.மீ.
பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து நிலை ஐந்தில் 3. மரக்கோட்டுக்கு (மரம் வளரும் மேல் எல்லைக்கு) மேலே, வடக்கிலிருந்து கிழக்கு வரை பார்த்த சரிவுகளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.
போக நினைக்கும் இடம் வடகிழக்கு பார்த்த கிண்ணம், அதாவது மலையில் கிண்ணம்போல் குழிந்த சரிவு. வரைபடத்தில் 34 டிகிரி.

மரக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, 26 டிகிரிச் சரிவில் ஒரு குழி வெட்டினோம். பனியைத் தூணாக வெட்டி, மேலே ஷவலை வைத்துத் தட்டிப் பார்க்கும் அமுக்கச் சோதனையில் 13ஆவது தட்டில் புதுப்பனிக்கும் பழைய பனிக்கும் நடுவே சட்டென்று வழுக்கி வந்துவிட்டது. அதையே நீளமான தூணில் ஓர் ஓரத்தில் தட்டிச் செய்யும் நீள்தூண் சோதனையில் 15ஆவது தட்டில் விரிசல் விழுந்தது, ஆனால் ஷவலுக்கு அடியோடு நின்றுவிட்டது, தூண் முழுக்கப் பரவவில்லை. "பரவவில்லை, அப்புறம் என்ன, நாளைக்கு ஏறலாம்" என்று குழுவில் இரண்டு பேர் சொல்கிறார்கள். இந்த முடிவை எவ்வளவு நம்பலாம்? இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

---

வெண்முகில் எழுதியது:

எத்தனை நாள் என்பதை அப்புறம் பார்ப்போம். புதுப்பனி எதன் மேல் விழுந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

புயல் பனி தன்னளவில் சீக்கிரம் படிந்து இறுகும். குறுக்கே வேறெதுவும் வராவிட்டால் அதற்குள் இருக்கும் பலவீனம் ஒன்றிலிருந்து மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். கடுங்குளிர் நீடித்தால் இன்னும் தாமதமாகும். "புயலுக்குப் பின் இரண்டு நாள் பொறு" என்று சொல்வது இதை வைத்துத்தான். உங்கள் நிலவரத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. உங்கள் பிரச்சினை பழைய மேற்பரப்பில் இருக்கிறது.

தரையை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அது −16 என்று வைத்துக்கொண்டால் 80 செ.மீ. உயரத்துக்குள் 16 டிகிரி வித்தியாசம், அதாவது மீட்டருக்கு 20. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை விட்டுவிட்டுத் தனித்தனியாகக் கோணல் படிகங்களாக வளர ஆரம்பிக்கும். இதைத்தான் சர்க்கரைப் பனி என்கிறோம். உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் ஒழுகிவிடும். மேற்பரப்பை ஒட்டிய சில சென்டிமீட்டரில் வெப்பநிலை இன்னும் செங்குத்தாக மாறும் என்பதால் அங்கே இந்த மாற்றமும் வேகமாக நடக்கும். காற்றில்லாத இடங்களில் இறகு இறகாக மேற்பரப்புப் படிகங்களும் முளைத்திருக்கலாம். இரண்டு வாரம் இதற்குத் தாராளம்.

இப்படிப்பட்ட அடுக்கு புதைந்துபோனால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், சில பருவங்களில் மாதக்கணக்கில். எனவே 24 மணி, 48 மணி என்ற எண்ணெல்லாம் இங்கே செல்லாது.

இரண்டாவது, உங்கள் புயல் தலைகீழ்ப் புயல். −12இல் விழுந்த பனி லேசானது, −4இல் விழுந்தது கனமானது. லேசானதன் மேல் கனமானது உட்கார்ந்திருக்கிறது. குளிரில் முடிந்த புயலாக இருந்தால் அடுக்கு கீழே கெட்டி, மேலே மென்மை என்று ஒழுங்காக அமைந்திருக்கும்.

மூன்றாவது காற்று, என் பார்வையில் இதுதான் பெரிய எச்சரிக்கை. மணிக்கு 25 கி.மீ. அளவிலேயே தளர்ந்த பனி நகரத் தொடங்கும். தென்மேற்குக் காற்று பனியை வாரி எடுத்து இறக்கி வைப்பது வடகிழக்குச் சரிவில், அதாவது நீங்கள் குறித்து வைத்திருக்கும் அதே கிண்ணத்தில். காற்று மறைவுப் பக்கத்தில் பனி சேரும் வேகம் சமதளத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இருக்கலாம். புதுப்பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ என்றால் 45 செ.மீ. என்பது சதுர மீட்டருக்கு 45 கிலோ. மூன்று மடங்கு சேர்ந்த இடத்தில் 135 கிலோவுக்கு மேல். காற்று அடித்து நொறுக்கிய துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படுவதால் நிஜத்தில் எடை இன்னும் கூடும். குழி வெட்டிய இடத்தில் இந்தச் சுமை கிடையாது.

வானம் தெளிந்ததும் புயல் ஓய்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகட்டிலிருந்து பனி புகையாய்ப் பறக்கிறதென்றால் மறைவுப் பக்கச் சரிவுக்குப் புயல் இன்னும் நடக்கிறது.

---

குழிவெட்டி எழுதியது:

வெண்முகில் சொன்னது சரி. சோதனை பத்தி மட்டும் சேர்க்கிறேன், ஏன்னா நிறைய பேர் சறுக்குறது இங்கதான்.

உங்க ரெண்டு முடிவும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்லை. 13ல "சட்டுனு" உடையறது அந்த அடுக்குல விரிசல் ஆரம்பிக்க முடியும்னு சொல்லுது. நீள்தூண்ல பரவாதது, அந்த இடத்துல, அந்த நேரத்துல, மேல இருக்கிற பலகை (ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மேல்பனி) விரிசலைக் கடத்துற அளவுக்கு இறுகலைன்னு சொல்லுது. புதுப்பனி முஷ்டி அழுத்தினா உள்ள போற அளவு மென்மையா இருக்கும்போது இந்தச் சோதனை சரியா வேலை செய்யாது. ஷவல் உள்ள அமுங்கிடும், தட்டு கீழ வரைக்கும் போய்ச் சேராது. ஒரு நாள் கழிச்சு பலகை முஷ்டி போகாம நாலு விரல் மட்டும் உள்ள போற கடினத்துக்கு வந்ததும் அதே இடத்துல அதே அடுக்கு முழுசாப் பரவலாம். பனி இறுகுறது நல்லதுதானேன்னு தோணும். பலவீன அடுக்கு கீழ உயிரோட இருக்கும்போது மேல இறுகுறது விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிற மாதிரி.

குழி வெட்டுற இடம்: போகப்போற சரிவோட அதே திசை, அதே உயரம், ஆனா உடைஞ்சா உங்களை எங்கயும் அடிச்சுட்டுப் போகாத சின்னச் சரிவு, மேல பெரிய சரிவு எதுவும் தொங்கக் கூடாது. மரத்தடி வேண்டாம், கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்கைக் கலைச்சிருக்கும். முகட்டை ஒட்டியும் வேண்டாம். முதல்ல புரோபால (பனியில குத்திப் பார்க்கிற நீளக் கம்பி) நாலஞ்சு இடத்துல குத்திப் பாருங்க. ஆழம் சீரா இருக்கிற இடத்துல வெட்டுங்க, பாறை மேலயோ பள்ளத்துலயோ வெட்டினா முடிவு வேற மாதிரி வரும்.

குழி ஒன்றரை மீட்டர் அகலம், தரை வரைக்கும். உங்க இடத்துல மொத்தமே 120 செ.மீ. சுமார்தான், அதனால தரை வரைக்கும் போகச் சோம்பல் வேண்டாம். சுவர் செங்குத்தா, நிழல்ல இருக்கணும். முதல்ல கையால கடினம் பாருங்க: முஷ்டி, நாலு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி. மேலிருந்து கீழ வரும்போது கடினமான அடுக்குக்குக் கீழ திடீர்னு மென்மை வந்தா அங்க நிறுத்தி, துகளை உலோகத் தட்டுல எடுத்து லென்ஸ்ல பாருங்க. 1 மி.மீ.க்கு மேல, கோணம் கோணமா, ஒட்டாம இருந்தா சந்தேகமே வேண்டாம்.

அமுக்கச் சோதனை: 30 × 30 செ.மீ. தூண், நாலு பக்கமும் தனியாக்கணும். ஷவலை மேல வச்சு மணிக்கட்டுலேர்ந்து 10 தட்டு, முழங்கையிலேர்ந்து 10, தோள்லேர்ந்து 10. கையோட எடை தானா விழணும், ஓங்கி அடிக்கக் கூடாது. எண்ணை மட்டும் எழுதாம எப்படி உடைஞ்சதுன்னும் எழுதுங்க. சட்டுனு தட்டையா வழுக்குறது, திடீர்னு அமிழ்றது ரெண்டும் மோசம். கொஞ்சம் கொஞ்சமா நசுங்குறது, கோணல்மாணலா உடையறது அந்த அளவுக்கு இல்லை.

நீள்தூண்: சரிவுக்குக் குறுக்கா 90 செ.மீ., சரிவு ஏறும் பக்கம் 30 செ.மீ. முடிச்சு போட்ட கயிறை ரெண்டு புரோப் சுத்தி இழுத்துப் பின்பக்கத்தை வெட்டுங்க. ஷவலை ஒரு ஓரத்துல மட்டும் வச்சு அதே 30 தட்டு. விரிசல் விழுந்த அதே தட்டுலயோ அடுத்த தட்டுலயோ 90 செ.மீ.யும் ஓடினா "பரவுது". இதை 2006ல பனிச்சரிவு ஆய்வாளர்கள் ரான் சிமென்ஹாய்ஸும் கார்ல் பிர்க்லேண்டும் கொண்டு வந்தாங்க. ஒரு மீட்டருக்குக் கீழ இருக்கிற அடுக்குக்கு இது எட்டாது. வழக்கமா நடக்கிற தப்பு, பின்பக்கம் பலவீன அடுக்கு வரைக்கும் வெட்டாம விடறது. தூண் பின்னால ஒட்டிக்கிட்டிருக்கும், "பரவலை"ன்னு எழுதிட்டு வந்துடுவாங்க. உங்க முடிவுல அதையும் ஒரு தடவை சரிபாருங்க.

ஆழத்துல இருக்கிற அடுக்குக்கு, இல்ல மேல்பனி ரொம்ப மென்மையா இருந்தா, ரம்பச் சோதனை நல்லது. குறுக்கா 30 செ.மீ., சரிவோட மேல் நோக்கி 100 செ.மீ. தூண். ரம்பத்தோட பல்லில்லாத முதுகை பலவீன அடுக்குல வச்சு, கீழ் ஓரத்துலேர்ந்து மேல் நோக்கித் தள்ளுங்க. 50 செ.மீ. போறதுக்குள்ள விரிசல் தானா மறுமுனை வரைக்கும் ஓடினா பரவும்னு அர்த்தம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்: இதுல நீங்க தேடிப் போன அடுக்கு மட்டும்தான் பேசும். மத்த அடுக்கு எதுவும் தெரியாது.

இதுக்கெல்லாம் மேல, குழி "போகாதே"ன்னு சொன்னா நம்பலாம். "போ"ன்னு ஒரு குழி சொன்னா நம்பக் கூடாது. பத்து மீட்டர் தள்ளி வெட்டினா வேற பதில் வரும்.

---

முகடுவழி எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். பின்பக்கம் வெட்டியது 60 செ.மீ. ஆழம்தான், அடுக்கு இருந்தது 40இல். எனவே அது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு விஷயம் எழுத விட்டுப்போனது. காட்டுப் பாதையிலிருந்து வெளியே வரும் ஒரு சமதளத் திறப்பில் காலடியில் "தொம்" என்று சத்தம் கேட்டு, பனி லேசாக இறங்கியது. சமதளம்தானே என்று விட்டுவிட்டோம். அதற்கு முக்கியத்துவம் தர வேண்டுமா? கிண்ணத்துக்குப் பதிலாக அதன் அடிவாரத்தைச் சுற்றிப் போனால் பரவாயில்லையா?

---

மரக்கோடு எழுதியது:

அந்தத் "தொம்" சத்தத்தை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் நண்பரே. இரண்டு சோதனைகளையும் ஒதுக்கி வைத்துவிடலாம், விடை கிடைத்துவிட்டது. உங்கள் எடைக்குப் பலவீன அடுக்கு நொறுங்கி அமிழ்ந்து, அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடிய சத்தம் அது. அதாவது விரிசல் ஆரம்பித்ததோடு பரவவும் செய்தது, 90 செ.மீ. தூணில் இல்லை, பல மீட்டருக்கு. சமதளமாக இருந்ததால் பனி நகரவில்லை. 30 டிகிரியைத் தாண்டிய சரிவில் அதே நிகழ்வுக்குப் பெயர் பலகைப் பனிச்சரிவு.

குழிவெட்டியோடு ஓர் இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு. புயலுக்கு மறுநாள் ஒரே குழியில் முக்கால் மணி நேரம் செலவழிப்பதைவிட, நடக்கும் வழியெல்லாம் சின்னச் சின்னதாகப் பார்த்துக்கொண்டு போவது அதிகம் சொல்லும். ஸ்கீ போலைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தை மெதுவாக அழுத்தினால் கடினத்துக்கு அடியில் மென்மை இருப்பது கையிலேயே தெரியும். முழங்கை ஆழத்துக்குக் கையால் குழி தோண்டி, 30 செ.மீ. சதுரம் அறுத்து, பின்னாலிருந்து இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பாதைக்கு மேலே ஒரு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரமே உள்ள செங்குத்துக் கரைகளில் ஏறி மிதியுங்கள். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் கண்ணாடி கீறியதுபோல நீண்டு ஓடினால் அன்றைக்குச் செங்குத்துச் சரிவு கிடையாது.

நம்பவேண்டிய வரிசை என்று கேட்டால்: அதே திசையில், அதே உயரத்தில் அண்மையில் விழுந்த பனிச்சரிவு முதலில். அடுத்து தொம் சத்தமும் ஓடும் விரிசலும். அடுத்து 24 மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் புதுப்பனி, அல்லது காற்று சேர்த்த பனி. பிறகு வேகமான வெப்ப ஏற்றம், பனி மேல் மழை. சோதனைக் குழி இவற்றுக்கெல்லாம் பின்னால். மேலே உள்ள எதுவும் "ஆபத்து" என்றால் குழியின் நல்ல முடிவு அதை ரத்து செய்யாது.

அடிவாரத்தைச் சுற்றிப் போவது: கூடாது. பலவீன அடுக்கு இந்த நிலையில் இருக்கும்போது அடியில் நின்றே மேலே இருப்பதை இழுத்துவிட முடியும். நொறுங்கல் சமதளத்தில் ஆரம்பித்து, மேல்நோக்கி ஓடி, செங்குத்தான இடத்தை எட்டியதும் பனி கிளம்பும். யாரும் சரிவில் கால்வைக்காமலேயே இப்படி நடக்கும். எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதற்குச் சாய்வுமானியால் மேலே இருக்கும் பனிச்சரிவின் தொடக்க இடத்தைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்வைக் கோணம் 25 டிகிரிக்கு மேல் என்றால் அது வந்து சேரும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள். பெரிய பனிச்சரிவுகள் 20 டிகிரி அளவிலும் வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே தாராளமாக விலகுங்கள்.

வரைபடத்தின் 34 டிகிரியையும் அப்படியே எடுக்காதீர்கள். வரைபட நிறப்பட்டைகள் 10 மீட்டர், 30 மீட்டர் கட்டங்களின் சராசரி. நடுவில் 15 மீட்டர் நீளமுள்ள 39 டிகிரிப் புடைப்பு அதில் மறைந்துபோகும், பனிச்சரிவு கிளம்பப் போவதும் அங்கேதான். பலகைப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள், 38ஐ ஒட்டி அதிகம். நேரில் அளக்க, போலைச் சரிவு இறங்கும் திசையில் பனி மேல் படுக்க வைத்து, அதன் மேல் சாய்வுமானியை வையுங்கள். அளக்க அந்தச் சரிவுக்குள் போகத் தேவையில்லை, ஓரத்திலிருந்து பக்கவாட்டுத் தோற்றத்திலும் அளக்கலாம்.

நிலை 3 பற்றி. ஐந்தில் நடு எண் என்பதால் "சுமார்" என்று மனது எடுத்துக்கொள்கிறது. நிலைகள் சமமான படிகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஆபத்து பலமடங்காகிறது. நிலை 3 என்றால் மனிதர் தூண்டிப் பனிச்சரிவு கிளம்ப வாய்ப்பு அதிகம் என்று பொருள். 4, 5இல் மக்கள் வீட்டில் இருக்கிறார்கள், 3இல் கிளம்பிவிடுகிறார்கள், உயிரிழப்பு அங்கேதான் குவிகிறது. சுவிஸ் மலை வழிகாட்டியும் பனிச்சரிவு நிபுணருமான வெர்னர் முன்டரின் எளிய விதிப்படி நிலை 3இல் 35 டிகிரிக்குக் கீழே, நிலை 4இல் 30க்குக் கீழே. புதைந்த சர்க்கரைப் பனியும் தொம் சத்தமும் சேர்ந்திருக்கும் உங்கள் நிலவரத்தில் 35 என்பதே தாராளம். மேலே செங்குத்துச் சரிவு எதுவும் தொடாத, 27–28 டிகிரிக்கு மிகாத காட்டுத் திறப்புகளில் போய் வாருங்கள். தென்மேற்கு பார்த்த, காற்று துடைத்த சரிவுகளும் இருக்கின்றன. ஆனால் தெளிந்த வானத்தில் முதல் வெயில் படும்போது அங்கே தளர்ந்த பனி உருளத் தொடங்கும். பனியுருண்டைகள் தானாக உருள்வதைப் பார்த்ததும் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

கிண்ணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். சத்தம் நின்று, புதிய பனிச்சரிவுகள் நின்று, அந்தத் திசையிலேயே பல இடங்களில் வெட்டிய குழிகளில் துகள்கள் உருண்டு ஒட்ட ஆரம்பித்தபின் மறுபடி பேசலாம். அது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், இந்தப் பருவம் முழுக்க இல்லாமலும் போகலாம்.

---

வெண்முகில் எழுதியது:

மரக்கோடு சொன்னதோடு ஒன்று. உங்கள் பழைய பனி வெறும் 80 செ.மீ. என்பதால் தரையை ஒட்டியும் பெரிய கிண்ண வடிவப் படிகங்கள் இருக்க வாய்ப்புண்டு. இப்போது 40இல் இருக்கும் அடுக்கு உடைந்து ஓடும்போது, அந்த எடை தரை அடுக்கையும் கிளப்பிவிடலாம், மொத்தப் பனியும் வரலாம். இந்த ஆழ அடுக்கை நடுச்சரிவின் தடித்த பனியில் நின்று உடைப்பது கடினம். பாறை நீட்டியிருக்கும் இடம், புதர் தலைகாட்டும் இடம், பலகையின் மெல்லிய ஓரம் இங்கெல்லாம் மிதித்தால்தான் எட்டும். அதனால்தான் முன்னே போன நான்கு பேரின் தடம் எதையும் நிரூபிப்பதில்லை. ஐந்தாவது ஆள் மெல்லிய இடத்தில் கால் வைக்கலாம்.

---

பீக்கன்457 எழுதியது:

நல்ல விவாதம். 28 டிகிரித் திறப்புகளுக்குப் போனாலும் மூன்று கருவியும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்: பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), குறைந்தது 240 செ.மீ. புரோப், உலோக ஷவல். புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு, அதற்குமேல் வேகமாகக் குறையும். வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வராது.

கிளம்பும் இடத்திலேயே ஒருவர் நின்று, மற்ற நான்கு பேரின் பீக்கனும் அனுப்புகிறதா என்று ஒவ்வொருவராகச் சரிபாருங்கள். கைபேசியும் கேமராவும் பீக்கனிலிருந்து அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சூடேற்றும் கையுறை, ஹெட்லைட் பேட்டரிக்கும் இதே கணக்கு.

தேடலில் அதிக நேரம் வீணாவது கடைசி மூன்று மீட்டரில். அங்கே பீக்கனைப் பனி மேல் தாழ்த்திப் பிடித்து, திருப்பாமல், மெதுவாக நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் அடையாளம் வைத்து, அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகப் புரோபைக் குத்துங்கள். பனிப் பரப்புக்குச் செங்குத்தாக, வானத்துக்கு நேராக அல்ல. பட்டதும் புரோபை எடுக்காதீர்கள். ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் கீழே தள்ளி நின்று, பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே வாருங்கள்.